மேற்கோள் வேண்டாம், மனத்தில் வந்ததைப் போடுங்கள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 'சொல்லுக்குச் சொல்' ஆடுவோம். ஒருவர் ஒரு சொல்லைப் போடுவார். படித்ததும் மனத்தில் முதலில் எழுவதை மற்றவர்கள் போட வேண்டும். கடைசியாக வந்த சொல்லே அடுத்த சுற்றுக்குத் தலைச்சொல். பரிசு கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. இவ்வளவு எளிய விளையாட்டைக்கூடக் கெடுத்துவிட முடியும் என்பதை இலக்கிய நண்பர்கள் நாள்தோறும் நிரூபிக்கிறார்கள். 'நிலா' என்று போட்டால் சங்கப்பாட்டின் நான்கு வரி உரையோடு வருகிறது. 'மழை' என்றால் ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை, கூடவே கவிஞரின் நாடு, பிறந்த ஆண்டு, வாங்கிய விருது. போட்டவர் கைதட்டலுக்குக் காத்திருக்கிறார். அடுத்தவருக்கு விளையாடவே தோன்றுவதில்லை.

நாங்கள் பெரும்பாலும் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்காரர்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று ஊர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் சிலருக்குத் தமிழ், சிலருக்கு மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவை நண்பர்கள் இருக்கிறார்கள், சென்னையிலிருந்தும் சிலர். எல்லோரும் படிக்கிறவர்கள். பாதிப் பேர் எழுதவும் செய்கிறார்கள், அதுதான் சிக்கலே.

நல்ல சுற்று எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தலைச்சொல் 'தண்ணீர்'. சென்னை நண்பர் 'லாரி' என்றார். பொள்ளாச்சி அக்கா 'ஆழியாறு' என்றார். கொழிஞ்சாம்பாறையில் நெல் விவசாயம் பார்க்கும் அண்ணன் 'மணக்கடவு' என்றார். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எங்கள் சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்தாக வேண்டும். அது அளக்கப்படும் தடுப்பணை மணக்கடவில் இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். நாற்று விட்டுவிட்டு வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்க்கிறவருக்குத் தண்ணீர் என்றால் அந்த அணையின் கணக்குத்தான். அக்கா உடனே, "திறந்துவிட்டார்களா அண்ணா?" என்று கேட்டார். விதிப்படி அது ஆட்டத்துக்கு வெளியே. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

'தென்னை'யும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 'இளநீர்' வந்தது, எங்கள் பக்கத்திலிருந்து 'கள்' வந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அவற்றுக்கு வண்டி வண்டியாகப் போவது சித்தூர்த் தோப்புகளின் கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிற மரம் ஒன்று தருகிறது, அந்தப் பக்கம் நிற்கிற மரம் வேறொன்று தருகிறது. இதை விளக்கிக் கட்டுரை எழுதினால் நானே படிக்க மாட்டேன். இரண்டு சொல் அடுத்தடுத்துத் திரையில் விழுந்தபோது சிரித்துவிட்டேன்.

இலக்கியமே வரக்கூடாது என்று நான் சொல்வதாகச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 'கிளி' என்ற சொல்லுக்குக் கோவைத் தோழர் 'ஆண்டாள்' என்றார். சித்தூர்த் தம்பி ஒருவன் 'எழுத்தச்சன்' என்றான். இது மட்டும் மேற்கோள் இல்லையா என்று என்னை மடக்கினார்கள். இல்லை. கிளி பாடுவதாக அமைந்த கிளிப்பாட்டு வடிவில் அத்யாத்ம ராமாயணத்தைப் பாடிய மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன், கடைசிக் காலத்தைச் சித்தூர் ஆற்றங்கரையில் கழித்தார் என்பது மரபு. அங்கே தெக்கேகிராமத்தில் குருமடம் இருக்கிறது. அந்தத் தெருவழியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போனவனுக்கு எழுத்தச்சன் பக்கத்துவீட்டுப் பெரியவர். அவன் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் போட்ட சொல் அல்ல அது.

இந்த விளையாட்டின் கூர்மையை நமக்கு முன்பே சிலர் கண்டுகொண்டார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 75 சொற்களை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பார்த்ததும் தனக்கு என்ன தோன்றுகிறது என்று தன்னையே சோதித்து, 1879இல் முடிவை வெளியிட்டார். காலம் கணிக்க முடிந்த நினைவுகளில் நூற்றுக்கு 39 அவருடைய சிறுவயதிலிருந்தும் இளமையிலிருந்தும் வந்தவை. ஒருவர் உலகத்துக்குக் காட்ட விரும்புகிற அளவைத் தாண்டி இது மனத்தைத் திறந்து காட்டிவிடும் என்றும் எழுதினார். பிறகு சூரிச் நகரத்து மனநல மருத்துவமனையில் கார்ல் யுங், பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். தயக்கம் எங்கே விழுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்பது அவர் கணக்கு. எங்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. இன்னார் தட்டச்சு செய்கிறார் என்று திரையின் மேலே தெரிகிறதே, போதும். இரண்டு நிமிடம் தெரிந்தால் நற்றிணை வரப்போகிறது என்று பொருள்.

கால்டன் சொன்னதை வைத்துப் பார்த்தால் மேற்கோள் நண்பர்களின் சங்கதி புரிகிறது. அவர்கள் அறிவைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் ஒளிந்துகொள்கிறார்கள். 'மேசை' என்றால் 'நாற்காலி' என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அமெரிக்காவில் 1910இல் ஆயிரம் பேரிடம் நூறு சொற்களைக் கொடுத்துக் கேட்டபோது, மேசைக்கு மிக அதிகமாக வந்த பதில் நாற்காலிதான். சாதாரணப் பதிலில் கேவலம் ஒன்றுமில்லை.

நம் மரபே இதுதானே என்று வாதிடுகிறார்கள். தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளைச் சேர்த்துவைத்திருக்கிறது. முல்லை என்றதும் மாலைப்பொழுது வருகிறது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து, சேர மன்னனைப் பாடியது, அந்தாதியாகவே தொடுக்கப்பட்டிருக்கிறது. ஆக, சொல்லைச் சொல் இழுப்பது இந்த மண்ணில் பழைய பழக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாலையில் முல்லை பூப்பதைப் பார்த்த கண்கள்தான் அந்த இலக்கணத்தைத் தொடங்கிவைத்திருக்க வேண்டும். எங்கள் நண்பருக்கு முல்லை என்றதும் உரையாசிரியர் வருகிறார். பாவம், அவர் வீட்டு வாசலிலேயே கொடி படர்ந்திருக்கிறது.

இதற்கிடையில் அட்சரசுலோகம் போல ஆடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கேரளத்தில் நன்றாக வேரூன்றிய விளையாட்டு அது. ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் வரி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அனுஷ்டுப்பு என்ற யாப்பு எளிது என்பதால் அதற்கு இடமில்லை. அருமையான ஆட்டம்தான், மனப்பாடம் உள்ளவர்களுக்கு. எங்கள் குழுவில் அதைக் கொண்டுவந்தால் நெல் விவசாயி அண்ணன் மறுநாளே வெளியேறிவிடுவார், மணக்கடவும் அவரோடு போய்விடும்.

இப்போது நடக்கிற சண்டை எழுத்தைப் பற்றியது. மலையாளப் பள்ளியில் படித்த அந்தச் சித்தூர்த் தம்பி, அவசரத்தில் மலையாள எழுத்திலேயே சொல்லைப் போட்டுவிடுகிறான். தமிழ் எழுத்தில் மாற்றிப் போடு என்கிறார்கள் சிலர். மாற்றி எழுதுவதற்குள் அவனுக்கு இரண்டாவது சொல் வந்துவிடும், முதல் சொல் போய்விடும். அவன் விருப்பப்படி போடட்டும். படிக்க முடியாதவர்கள் கேட்டால் எங்களில் யாராவது படித்துச் சொல்கிறோம். பெரும்பாலும் அது 'பொறோட்டா'வாகத்தான் இருக்கும்.