பழைய வண்டி, பழைய கியர் ஆயில்: தொடத்தான் வேண்டும்

"பதினான்கு வருட வண்டி, அண்ணாச்சி. இதுவரை ஓடியதுபோலவே ஓடட்டும். அந்த ஆயிலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்."

திருநெல்வேலியில் மூன்று பட்டறைகளில் இதையே கேட்டுவிட்டேன். மூவரும் தொழில் தெரிந்தவர்கள். பிரேக்கோ இன்ஜினோ என்றால் அவர்கள் சொல்லுக்கு நான் மறுசொல் சொல்ல மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

அப்பாவுக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு கிளட்சை மிதிக்க முடியாமல் போயிற்று. கார் ஓட்டுவதை விடவும் அவருக்கு மனமில்லை. அதனால் 2010இல் இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினோம். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போய், தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். இப்போது அவர் இல்லை. 1,30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்னிடம் இருக்கிறது. அத்தனை தூரத்திலும் அந்த எண்ணெயை ஒருமுறைகூட மாற்றவில்லை. "ஆயுள் முழுக்கப் போதும்" என்று வாங்கும்போது சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தொந்தரவு தொடங்கியது. காலையில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு டிரைவில் போட்டால், வண்டி ஒரு கணம் சும்மா நின்று, பிறகு குலுக்கலோடு நகரும். காரையாறு அணைக்கு ஏறும் மலைப்பாதையில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது முதுகில் ஒரு தட்டு விழும்.

கையால் கியர் மாற்றும் சாதாரண பெட்டியில் எண்ணெய்க்கு முக்கிய வேலை பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதுதான். ஆட்டோமேட்டிக்கில் அதே எண்ணெய் இன்ஜினின் விசையைச் சக்கரத்தின் பக்கம் கடத்துகிறது, அழுத்தம் கொடுத்து கியரை மாற்றுகிறது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. வழுக்கலும் பிடிப்பும் சேர்ந்த அந்தக் குணம் எளிதில் கிடைப்பதல்ல. 1970களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் அதற்காகத் திமிங்கில எண்ணெயைச் சேர்த்திருக்கிறார்கள். இன்று ரசாயனச் சேர்மானங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சூட்டில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. சித்திரை வெயிலில் டவுன் ரத வீதியிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஊர்ந்து போகும் வண்டிக்குள் எண்ணெய் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

"தொடாதே" என்ற பேச்சு காரணமில்லாமல் பிறக்கவில்லை. என் அத்தானுக்கே நடந்தது. அவர் காரில் எண்ணெயை மாற்றி மூன்றாவது வாரம் கியர் பெட்டி படுத்துவிட்டது. புதிய எண்ணெய்தான் கெடுத்தது என்று இன்றுவரை சொல்கிறார். ஆனால் மாற்றுவதற்கு முன்பே ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். வடித்த எண்ணெய் கறுப்பாக, தீய்ந்த வாசனையோடு வந்தது. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தன. அப்படித் தேய்ந்த துகள்கள் பழைய எண்ணெயில் கலந்து ஏதோ கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும். துகளை நம்பி ஓடும் கியர் பெட்டிக்கு எண்ணெயை மாற்றாவிட்டால் மட்டும் எத்தனை மாதம் ஆயுள்?

எனக்கு வழி காட்டியவர் பாளையங்கோட்டையில் ஒரு வயதான மெக்கானிக். அளவுக்கம்பியை உருவி, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். பழுப்பு நிறம். தீய்ந்த வாசனை இல்லை. "தாராளமாக மாற்றலாம், தம்பி. ஆனால் மெஷின் வைத்து மொத்தமாகக் கழுவ வேண்டாம்" என்றார். பல வருட அழுக்கை அழுத்தத்தோடு கிளப்பிவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய வழிகள் அடைபடக்கூடும் என்பது அவர் பயம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர் சொன்ன வழி, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி வடிவதை மட்டும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. இதில் பாதி எண்ணெய்கூட வெளியே வராது. மீதியில் பெரும்பகுதி, இன்ஜினின் விசையை கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவையில் 78 பங்கு புதிதாகிவிடும். இடையிடையே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். முதல் தடவை வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துக் காட்டி, "இது வயதுக்குத் தகுந்த தேய்மானம். சில்லுசில்லாக இரும்பு வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்" என்றார்.

மூன்று தடவைக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் ஆகவில்லை. அத்தானுக்கு கியர் பெட்டியைப் பிரித்துக் கட்ட ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகே காலை நேரக் குலுக்கல் நின்றுவிட்டது. மலையேற்றத்துத் தட்டு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. போகும் என்று மெக்கானிக்கும் சொல்லவில்லை.

எந்த எண்ணெயை ஊற்றுகிறோம் என்பதில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. வண்டியின் கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதே வகையை வாங்குங்கள். படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டோ சங்கிலியோ வைத்து ஓடும் சிவிடி என்ற வகைப் பெட்டிக்கு அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. மற்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கான எண்ணெயை (ஏடிஎஃப்) அதில் ஊற்றினால் பெட்டி நாசமாகும். அளவு பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் நிறுத்திய சூட்டோடு பார்க்க வேண்டும்.

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தயக்கமே கிடையாது. பிசான நெல் நடவுக்குச் சேற்றில் தொளி உழுது முடித்ததும் கியர் ஆயிலைப் பார்ப்பார்கள். தண்ணீர் புகுந்து பால்போல வெளுத்திருந்தால், டிராக்டர் எவ்வளவு பழையதானாலும் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

கார் பட்டறைகளில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்? பழிதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து வருடம் எண்ணெயைத் திரும்பிப் பார்க்காத சொந்தக்காரர், கடைசியாகக் கை வைத்தவர் சட்டையைப் பிடிக்கிறார். இரண்டு தடவை அப்படி அடிபட்ட மெக்கானிக் மூன்றாவது ஆளிடம் "தொடாதீர்கள்" என்றுதான் சொல்வார். நான் பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "பெட்டி போனால் அது எங்கள் வீட்டுக் கவனக்குறைவு. உங்கள் மேல் ஒரு சொல் வராது." அதற்குப் பிறகுதான் அவர் ஸ்பேனரை எடுத்தார்.

ஆனித் தேரோட்டத்துக்கு மகள் ஊருக்கு வருகிறாள். தாத்தாவின் காரில் காரையாறு போக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். அதற்கு முன்பு இன்னொரு தடவை வடித்து ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.