ஜீன் மான்ஃபோர்டு பெற்ற பதக்கம் எது?

தன்பாலீர்ப்பு மகனுக்காக 1972இல் நியூயார்க் ஊர்வலத்தில் பதாகை ஏந்தி நடந்த ஆசிரியை ஜீன் மான்ஃபோர்டுக்கு, அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான 'சுதந்திரப் பதக்கத்தை' ஒபாமா நேரில் அணிவித்தார் என்று ஒரு பதிவு சொல்கிறது. ஒபாமா கௌரவித்தது சரிதான். ஆனால் அது 'குடிமக்கள் பதக்கம்', சுதந்திரப் பதக்கத்துக்கு அடுத்த நிலை. அதுவும் அவர் மறைந்த பிறகு. 2013 ஜனவரியில் அவர் காலமானார். விழா பிப்ரவரி 15இல் நடந்தது. இரண்டு பதக்கங்களின் பெயரும் ஒரே மாதிரி 'பிரெசிடென்ஷியல்' என்றுதான் தொடங்கும், யாருக்கும் குழம்பும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகை இணையதளம் காப்பகமாக இன்றும் திறந்திருக்கிறது. அதில் 2012ஆம் ஆண்டுக்கான குடிமக்கள் பதக்கப் பட்டியலைத் தேடுங்கள், அவர் பெயர் இருக்கும். அந்தப் பதிவை எழுதியவர் முடிந்தால் திருத்திவிடுங்களேன்.