பொன்னாடை எதற்குப் போர்த்தினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்த புகையிலை எதிர்ப்பு நாள் கூட்டத்தின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிகரெட்டை விட்டுவிட்டதாக மேடையில் அறிவித்த நண்பருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசும்போது கீழுதட்டுக்குள் ஒரு குட்டிப் புகையிலைப் பை துருத்திக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். நான் கேட்டது ஒரே கேள்வி: "சிகரெட்டை விட்டீர்கள் சார், சந்தோஷம். புகையிலையை விட்டீர்களா?"

அதற்குத்தான் வாட்ஸ்அப் குழுவில் இன்றுவரை எனக்கு அர்ச்சனை நடக்கிறது. வயிற்றெரிச்சல்காரன், நல்லது நடந்தால் பொறுக்காதவன் என்றெல்லாம் பட்டங்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், "நீங்களே நிகோடின் சூயிங்கம் மெல்கிறீர்கள், அடுத்தவரைக் கேட்க என்ன தகுதி?" என்று எழுதினார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல். புகையிலையில் அடிமைப்படுத்துகிற பொருள்தான் நிகோடின்; சிகரெட்டை விட உதவ, அதைச் சேர்த்து மருந்துக்கடையில் விற்கிற சூயிங்கம் அது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. சிகரெட் பிடிக்கிறவன் ஆபத்தைக் கண்ணாலும் இருமலாலும் அளக்கிறான். புகை தெரிந்தால் பயம், தெரியாவிட்டால் நிம்மதி. அவனுக்குப் புற்றுநோய் என்றால் நுரையீரல். வாய் நினைவுக்கே வருவதில்லை. தியேட்டரில் படம் தொடங்கும் முன் முகேஷ் என்று ஓர் இளைஞரைக் காட்டினார்களே, ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்ததே, அவருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது குட்கா மென்றதால். பாதிப்பேர் அதைச் சிகரெட் விளம்பரம் என்றே இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் 21.4 சதவீதம். மெல்கிறவர்களும் அதக்குகிறவர்களும் இரண்டு மடங்கு. ஆனால் எங்கள் குடியிருப்பில் ஒட்டிய சுவரொட்டியில் இருந்தது ஒரு சிகரெட், அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா சுருட்டு பிடிப்பார். "அந்த நாற்றத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போங்கள்" என்று விரட்டுவார் பெரியம்மா. அவர் வாயில் வெற்றிலையும் பாக்கும் பன்னீர்ப் புகையிலையும் எப்போதும் இருக்கும். தூங்கும்போதுகூடக் கன்னம் உப்பியிருக்கும். கொஞ்சம் மிளகாய் பட்டாலே வாய் எரிகிறது என்று ஆரம்பித்தது. பிறகு வாய் திறப்பதே கஷ்டமானது. பல் மருத்துவர், "மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வையுங்கள் அம்மா" என்றார். ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. பாக்கு செய்கிற வேலை அது, உள்கன்னத்தின் சதை நாராக இறுகிவிடும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு குழையப் பிசைந்த ரசம் சாதம்தான், அதுவும் சின்ன ஸ்பூனில். பெரியப்பா மாரடைப்பில் போனபோது சுருட்டுதான் கொன்றது என்றோம். பெரியம்மாவுக்கு வந்ததைத் தலையெழுத்து என்றோம். சுருட்டிலும் பெரியம்மா வாயிலும் இருந்தது ஒரே புகையிலை, பெரியம்மாவுக்குக் கூடவே பாக்கும்.

இப்போது அறிவாளிகளுக்கு வருவோம். உதட்டுப் பையில் ஆபத்து குறைவு, ஸ்வீடனைப் பார் என்று ஒருவர் இணைப்பு அனுப்பியிருக்கிறார். பார்த்தேன் ஐயா. அங்கே உதட்டுக்குள் வைக்கும் ஸ்னூஸ் என்கிற புகையிலையில், நீராவியில் பதப்படுத்துவதால், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்கள் குறைவு. 2019-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அப்படி ஒரு தயாரிப்பை, சிகரெட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் சில நோய்களின் ஆபத்து குறையும் என்று சொல்லி விற்க அனுமதித்ததும் உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்துத் தருகிற சரக்கு ஸ்வீடனிலிருந்தா வருகிறது? 'கூல் லிப்' என்று விற்கிற உதட்டுப் புகையிலைப் பை பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டது, பள்ளிப் பிள்ளைகள் வரை போய்விட்டதே என்று. பை ஒரே மாதிரி இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

"வீட்டில் குழந்தைகளுக்குப் புகை போகாதே, அது நல்லதில்லையா?" என்று கேட்டார் செயலாளரின் மனைவி. நல்லதுதான் அம்மா. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மின்சிகரெட் கோஷ்டி தனி. நண்பர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிக்கிறான், பென் டிரைவ் போல ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். மாம்பழ வாசனை. "வெறும் நீராவி அங்கிள்" என்கிறான். நீராவி இட்லிப் பானையில் வரும் தம்பி. இதில் வருவது கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் நிகோடினும். முழுக்க அதற்கு மாறிவிட்ட புகைப்பழக்கக்காரருக்கு ஆபத்து குறைவு என்பதுதான் பிரிட்டன் மருத்துவர்களின் கருத்து. மறுக்கவில்லை. ஆனால் இவன் சிகரெட்டே பிடித்ததில்லை! இவன் எதிலிருந்து மாறினான்? பெரியவர்களாவது மாறுகிறார்களா என்றால், அலுவலகத்துக்குள் மின்சிகரெட், டீக்கடை வாசலில் சிகரெட். 2019-இல் மத்திய அரசு மின்சிகரெட்டை விற்கவே தடை போட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டே தடை. ஆனால் சிகரெட்டுக்குத் தடை இல்லை. கடையில் கயிற்றில் நெருப்பைக் கட்டித் தொங்கவிட்டு, சில்லறையில் ஒன்றொன்றாக விற்கிறார்கள். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே புரியவில்லை.

கடைசியாக, என் சூயிங்கம். நிகோடின் அடிமைப்படுத்தும், சந்தேகமே இல்லை. ஆனால் புகைப்பவனுக்கு வரும் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் எரியும்போது உண்டாகும் தார் முதலான நச்சுகள், நிகோடின் அல்ல. அவனை அடுத்த சிகரெட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவதுதான் நிகோடினின் வேலை. இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பதால்தான், மருந்துக்கடை சூயிங்கத்தைப் பார்த்தால் "ஐயோ நிகோடின்" என்கிறார்கள், புகையிலைப் பையைப் பார்த்தால் "இயற்கை இலைதானே" என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே நிகோடின் சூயிங்கத்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வாயில் போட்டு, காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மிட்டாய்போல மென்றால் விக்கல்தான் வரும். சுகமான அனுபவம் ஒன்றும் இல்லை. மருந்துக்கடைப் பையன் அதை எடுத்துக் கொடுக்கும்போது பார்க்கிற பார்வையும் சுகமில்லை.

நான் சிகரெட்டை விட்டபோது யாரும் பொன்னாடை கொண்டு வரவில்லை. கேட்கவும் இல்லை. இரவு பால்கனியில் கை எதையோ தேடும்போது என் மனைவி மட்டும் ஒரு டம்ளர் சீரக நீரைக் கொண்டுவந்து வைப்பாள், பேசாமல் போய்விடுவாள். அதே குழுவில் இருக்கிறவர்கள், பத்து வருடமாக என்னோடு மாடியில் நின்று சிகரெட்டைப் பகிர்ந்தவர்கள், இன்று என்னைப் போதைக்காரன் என்கிறார்கள். எழுதும்போது இதைச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

அந்த நண்பர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நிஜமாகவே விட்டுவிட்டதாக நம்புகிறார், அதுதான் எனக்குப் பயம். நாளைக்கு வாயில், புற்றுநோய்க்கு எச்சரிக்கையாக இருக்கக்கூடிய ஒரு வெள்ளைத் திட்டு வந்தால்கூட "நான்தான் விட்டுவிட்டேனே" என்று மருத்துவரிடம் போகமாட்டார்.

புகையிலையை விட வேண்டும் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: 1800-11-2356, கட்டணமில்லாத எண், பேசிப் பாருங்கள். இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சூயிங்கத்தையும் தொட வேண்டாம். "எல்லாம் ஒரே போதைதானே" என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்கள் மேலே உள்ளதைப் படித்துவிட்டு வரவும். படிக்காமல் எழுதினால் நீக்கிவிடுவேன், செயலாளராக இருந்தாலும் சரி.