சிக்லிட் எல்லாமே ஆப்பிரிக்க மீன் இல்லை

"சிக்லிட் என்றாலே ஆப்பிரிக்க மீன், தண்ணீரில் கல் உப்பு போட்டு எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாம்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பத்தின் பெயர். இதை நம்பி யாராவது டிஸ்கஸ் மீனை உப்புத் தண்ணீரில் விட்டால் காசும் போச்சு, மீனும் போச்சு. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் மூன்றுமே சிக்லிட்தான், மூன்றும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. டிஸ்கஸுக்கு 28 டிகிரிக்கு மேல் வெப்பமும், கடினத்தன்மை இல்லாத, லேசான அமிலத் தண்ணீரும் வேண்டும்.

ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரி மீன்களுக்கு நேர் எதிர்: கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர், பிஎச் (அமில-கார அளவு) 8 பக்கம். ஆனால் அந்த ஏரிகள் நன்னீர் ஏரிகள், அங்கே தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள், அதனால் சமையல் உப்பைக் கொட்டினால் அந்தத் தண்ணீர் கிடைத்துவிடாது. சரி, ஆப்பிரிக்க மீன்களையாவது ஒன்றாகப் போடலாமா என்றால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு முடியாது. மலாவியின் எம்புனா வகை மீன் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் சண்டைக்காரன், டாங்கனிகாவிலோ காலி நத்தை ஓட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும், இரண்டு அங்குலம்கூட வளராத குட்டி மீன்கள் இருக்கின்றன.

அப்புறம், கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான், நம் இந்திய, இலங்கை உப்பங்கழிகளின் சொந்த மீன். சந்தையில் விற்கும் ஜிலேபி மீனும் (திலாப்பியா) இதே குடும்பம், அது மட்டும் நிஜமாகவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஃபிளவர்ஹார்ன் என்ற சிக்லிட் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல, மனிதர்கள் உருவாக்கிய கலப்பினம். அதைத் தனித் தொட்டியில் விடுவதே நல்லது.