மலையில் நடக்கவும் டிக்கெட்டா?

இத்தாலியின் சிங்குவே தெர்ரேவுக்குப் போய்வந்த யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் கடலின் நிறத்தைப் புகழ்வார்கள். அடுத்து இந்தப் புலம்பல் வந்துவிடும்: "மலையில் நடக்கவும் டிக்கெட்டா?" கடலும் மலையும் யார் வீட்டுச் சொத்து, நடுவில் கதவு போட்டு வசூலிக்க இவர்கள் யார் என்று கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் பங்கில்லை. வாங்குவது போதாது என்பதுதான் என் கட்சி. எந்த இடத்தில் நின்று வாங்குகிறார்கள் என்பதில் மட்டும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இத்தாலியின் வடமேற்கில், லிகூரியா மாநிலத்தில், மலை நேராகக் கடலில் இறங்கும் ஒரு கரை. அதில் மேற்கிலிருந்து வரிசையாக மொன்டெரோஸோ, வெர்னாட்ஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே என ஐந்து சிற்றூர்கள். 1874-இல் ரயில் வரும்வரை அந்த ஊர்க்காரர்களுக்குப் படகை விட்டால் கழுதைப் பாதைதான் கதி. ஊரிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மலைமேல் கோயிலுக்கும், வீட்டிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்கும் அவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகளில்தான் இன்று உலகமே வந்து முதுகுப்பையோடு நடக்கிறது.

அங்கே கண்ணுக்குத் தெரிகிற மலைச்சரிவு இயற்கையானது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை நின்று காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். சரிவு முழுக்கப் படிக்கட்டு நிலங்கள். ஒவ்வொரு படியையும் தாங்கி ஒரு கல்சுவர். சாந்து கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்லின்மேல் கல், இடுக்கில் சிறுகல், பின்னால் சரளை, அதற்கும் பின்னால் மண். அந்த மண்ணையும் மனிதர்களேதான் கூடையில் சுமந்து நிரப்பினார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நடந்த வேலை இது. சுவர்களையெல்லாம் நீட்டிவைத்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். யுனெஸ்கோ 1997-இல் இந்தக் கரையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது மதித்தது மனிதரும் மலையும் சேர்ந்து உண்டாக்கிய இந்த நிலக்காட்சியைத்தான். 1999-இல் தேசியப் பூங்கா ஆனது. 2018-இல் சாந்தில்லாமல் கல்சுவர் எழுப்பும் கலையையே, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில், யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சாந்து ஏன் இல்லை? சிக்கனம் ஒரு காரணம் என்றாலும், முக்கியக் காரணம் தண்ணீர். மழை பெய்தால் மண்ணில் இறங்கும் நீர் இந்தச் சுவரின் இடுக்குகள் வழியே சல்லடையில் வடிவதைப்போல வடிந்துவிடும். சாந்து பூசி அடைத்தால் நீர் பின்னால் தேங்கி, மண் கனத்து, சுவரையே தள்ளிவிடும். ஆனால் இப்படிப்பட்ட சுவரை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கல் நழுவினால் அன்றைக்கே திரும்ப வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த இடம் வயிறு தள்ளும், பிறகு சரியும், சரிந்த மண்ணும் கல்லும் கீழே இருக்கிற அடுத்த சுவரின்மேல் போய் விழும்.

வைக்க ஆள் வேண்டுமே. பக்கத்துத் துறைமுக நகரமான லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தளமும் தொழிற்சாலைகளும் மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபின், கூடை சுமக்க யார் இருப்பார்கள்? தோட்டங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டுவிட்டது. இப்போது அங்கே புதரும் பைனும் வளர்ந்து கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பசுமை. உள்ளே சுவர் உடைந்துகொண்டிருப்பது தெரியாது. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றிகள். கிழங்கும் புழுவும் தேடி அவை முட்டித்தள்ளுவது இந்தச் சுவர்களைத்தான்.

2011 அக்டோபர் 25 அன்று என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு பயணக் கையேட்டின் முதல் பக்கத்திலும் அச்சிட வேண்டும் என்பேன். சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் மலை இறங்கி வந்து வெர்னாட்ஸாவையும் மொன்டெரோஸோவையும் மூடியது. வெர்னாட்ஸாவின் ஒரே பெரிய தெருவில் சேறும் கல்லும் மீட்டர் கணக்கில் நின்றன. கடைகள், கார்கள் எல்லாம் புதைந்தன. உயிர்களும் போயின. பின்னர் அந்தச் சரிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது கவனிக்கத்தக்கது: கைவிட்டு அதிக காலம் ஆகாத படிக்கட்டு நிலங்கள்தாம் மிக எளிதாகச் சரிந்தவை. பராமரிப்பு நின்றுவிட்டது, காடு இன்னும் வேரூன்றவில்லை. மண்ணைப் பிடிக்க இரண்டு கையும் இல்லாத இடைக்காலம் அது.

ஆகவே டிக்கெட் கேட்கிறார்களா, கொடுங்கள். ஐந்து ஊரையும் கூட்டினாலும் நான்காயிரம் பேர்கூட இல்லை. அவர்களில் சுவர் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? நாமோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில் போய் அந்தப் படிகளை மிதித்துத் தேய்க்கிறோம். லா ஸ்பெட்சியாவில் கப்பலிலிருந்து இறங்கி, ரயிலேறி, ஓர் ஐஸ்கிரீமும் நாற்பது செல்ஃபியுமாக மாலைக்குள் திரும்புகிறவர்கள் அந்த மலைக்கு விட்டுச்செல்வது குப்பைத்தொட்டியின் கனத்தை மட்டும்தான்.

நெரிசல் நாட்களில் மொன்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸா போகும் தடத்தைச் சில மணி நேரம் ஒருவழிப்பாதை ஆக்கியதையும் நான் வரவேற்கிறேன். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டி நிற்கவேண்டிய அகலம்தான் பல இடங்களில். ஒட்டி நிற்கிறவர் சாய்வது அந்தச் சாந்தில்லாச் சுவரின்மேல். அல்லது மறுபக்கம், பள்ளத்தின் ஓரம். ரப்பர் செருப்போடு மலையேறுகிறவர்களுக்கு 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-இல் அறிவித்தபோது இணையமே கேலி செய்தது. கால் பிசகி உட்கார்ந்துவிட்டவரைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்குகிற மீட்புக் குழுவினரைக் கேட்டால் கேலி வராது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே பாறையைக் குடைந்து ஒரு கடலோரப் பாதை இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 1920-களில் ரயில்பாதை வேலையை ஒட்டி உண்டானது. ஏற்றம் இறக்கம் கிடையாது. பெயர் காதல் பாதை. கம்பியில் பூட்டு மாட்டிச் சாவியைக் கடலில் எறிகிற வழக்கமெல்லாம் அங்கே உண்டு. 2012 செப்டம்பரில் மேலிருந்து பாறை விழுந்து நான்கு ஆஸ்திரேலியப் பயணிகள் காயமடைந்தார்கள், பாதை மூடப்பட்டது. கோடிக்கணக்கான யூரோ செலவழித்து, இரும்பு வலையும் தடுப்பும் போட்டு, 2024 கோடையில்தான் முழுமையாகத் திறந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்! பாதுகாப்புக்குச் செலவழித்ததைக் குறை சொல்லவில்லை. பாறை விழும் இடத்தில் வலை போடத்தான் வேண்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு வந்த உலகச் செய்தியாளர்களில் ஒருவராவது திரும்பி மேலே பார்த்தாரா? அதே மலையின் மேற்பகுதியில் கேட்பாரற்று இடிந்துகொண்டிருக்கிற சுவர்களைப் பற்றி நான் தேடிப் படித்த அளவில் அந்த வாரம் யாரும் எழுதவில்லை.

நீலப் பாதை என்கிற கடலோரத் தடத்துக்குத்தான் டிக்கெட். மொன்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸா, அங்கிருந்து கோர்னிலியா. அப்புறம் இந்தக் காதல் பாதைக்குத் தனிக் கட்டணம், நேரம் குறித்து முன்பதிவு. மேலே போகிற தடங்கள் எல்லாம் இலவசம். சுவர்கள் நெருக்கமாக நிற்பதும், இன்னும் விவசாயம் நடப்பதும் அந்த மேல்தடங்களில்தான். காட்சிக்குக் காசு வாங்கிக்கொண்டு, காட்சியைத் தாங்குகிற நிலத்தில் நம்மைச் சும்மா நடக்கவிடுகிறார்கள். இதைத்தான் நான் தலைகீழ் என்கிறேன்.

மனரோலாவிலிருந்து மலைமேல் இருக்கிற வோலாஸ்ட்ரா என்கிற சிற்றூருக்கு ஏறுங்கள். கோர்னிலியாவுக்குக் கீழ்வழி நிலச்சரிவால் பல ஆண்டுகளாக மூடிக் கிடப்பதால் பலர் வேண்டாவெறுப்பாக இந்த வழியில் வருகிறார்கள். அது அவர்களின் அதிர்ஷ்டம். நெட்டுக்குத்தான படிகள், சந்தேகமில்லை. பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். வோலாஸ்ட்ராவில் தேவாலயத்தின் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடந்தால், அதன்பிறகு திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, படிக்கட்டு நிலத்தின் விளிம்பிலேயே தடம் போகிறது. ஒருபக்கம் தோளுயரத்தில் கொடி. மறுபக்கம் நேர்கீழே கடல். ஓரிடத்தில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாக மலையில் ஏறும். பல்சக்கரத்தில் ஊர்ந்து வருகிற சிறு வண்டிக்கானது அது. அறுவடைக் காலத்தில் திராட்சைப் பெட்டிகள் அதில்தான் போகின்றன. மற்ற எந்த இயந்திரமும் அந்தச் சரிவில் நிற்காது.

நான் போன செப்டம்பரில் அங்கே ஒரு பெரியவர் சுவர் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு கல்லை எடுத்தார், மூன்று பக்கம் திருப்பினார், இடுக்கில் வைத்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, திரும்பக் குவியலில் போட்டார். வேறொன்று. அதுவும் சரியில்லை. பத்துப் பதினைந்து பயணிகள் அவரைத் தாண்டிப் போனார்கள். இருவர் அவர் பின்னால் தெரிந்த கடலைப் படமெடுக்க அவரையே கொஞ்சம் நகரச் சொன்னார்கள். நகர்ந்தார். என்னைக் கேட்டால் அந்த இருவரிடம் இரட்டைக் கட்டணம் வாங்க வேண்டும்.

டிக்கெட்டைத் தவிர வேறு வழியிலும் இந்தச் சுவருக்குக் காசு போய்ச்சேரும், அது ஒயின். போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்டினோ என்கிற திராட்சை வகைகளிலிருந்து எடுக்கிற வெள்ளை ஒயின் ஒன்று. அதே திராட்சையை நிழலில் வாரக்கணக்கில் உலர்த்திச் செய்கிற ஷக்கெத்ரா என்கிற இனிப்பு ஒயின் இன்னொன்று. சிறு பாட்டில், பெரிய விலை. உலர்ந்த பழத்தில் சாறு எவ்வளவு வரும்? மது அருந்தாதவர்கள் அங்கேயே விளையும் எலுமிச்சையையோ ஆலிவ் எண்ணெயையோ வாங்கலாம். காந்த ஒட்டியும் ஐந்து ஊர் அச்சிட்ட பனியனும் வாங்குவதால் அந்த மலையில் ஒரு கல்லும் நகராது.

போகிறவர்களுக்கு: நேரம் இருந்தால் லெவான்டோவிலிருந்து புன்டா மெஸ்கோ முனை வழியாக மொன்டெரோஸோவுக்கு இறங்குங்கள். முனையில் பழைய மடத்தின் இடிபாடு இருக்கிறது. அங்கிருந்து கரை முழுவதும் தெரியும். கால் வலுவானவர்கள் ரியோமஜோரேயிலிருந்து போர்ட்டோவெனெரே வரை போகலாம், பகலில் பெரும்பகுதி ஆகும். காதல் பாதைக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் அழ வேண்டாம். அந்தப் பாதை வருவதற்கு முன்பு ரியோமஜோரேக்காரர்களும் மனரோலாக்காரர்களும் போய்வந்த பெக்காரா வழி மலைக்கு மேலே இருக்கிறது. கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. முட்டிதான் கேள்வி கேட்கும். காலணி விஷயத்தில் அடம்பிடிக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் தடங்களை மூடிவிடுவார்கள், புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கதவைத் தாண்டிக் குதித்து நடப்பதை வீரமாகப் பதிவிடுகிறவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பூட்டியிருந்தால் ரயிலேறுங்கள். அடுத்த ஊர் சில நிமிடத்தில் வந்துவிடும்.