காணொளி இல்லாமலும் செய்யலாம்
தலைகீழ் வகுப்பறை என்றால் பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, பயிற்சியை வகுப்பில் ஆசிரியரோடு செய்வது. அதற்குப் பிள்ளைகள் வீட்டில் காணொளியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் 10ஆம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான், அதுவும் அப்பா வேலையால் வர இரவு 9 மணியாகும். 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் இதைத் தங்கள் வகுப்புகளில் தொடங்கிய ஆசிரியர்கள் பேர்க்மனும் சாம்ஸும்கூட இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு டிவிடியில் பாடத்தைப் பதிந்து கொடுத்தார்கள். நான் அதையும் விட்டுவிட்டேன். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலில் 2 பக்கம் வாசித்து, விளங்காத ஒரு வரியைக் கொப்பியில் எழுதி வரச் சொல்கிறேன், அவ்வளவுதான். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் இந்த முறை ஆசிரியர் வேலையிலிருந்து தப்பும் வழி என்கிறார். இல்லை, வேலை கூடத்தான் செய்கிறது. பிள்ளைகள் வகுப்பில் கணக்குச் செய்யும் 40 நிமிடமும் மேசை மேசையாகப் போக வேண்டும். போன கிழமை ஒரு பிள்ளை அடைப்பை நீக்கும்போது முன்னாலுள்ள சய (−) குறியை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவதை அப்படியே எழுதினாள். பக்கத்தில் நின்றதால்தான் கண்டேன். ஏன் என்று கேட்டேன், அப்புறம் அவளே அழித்துத் திருத்தினாள்.