குதிரைக் கனவு கொலைக்கு முன்பே வருகிறது

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில், அடகு பிடிக்கும் கிழவியைக் கோடரியால் கொல்லும் நாயகன் ரஸ்கோல்னிகோவ் காணும் குதிரைக் கனவு, கொலைக்குப் பின் எழுந்த குற்றவுணர்வு என்று ஒரு கருத்து இருக்கிறது. வரிசை அப்படியில்லைங்க. கனவு முதல் பாகம் 5ஆம் அத்தியாயத்தில், கொலை 7இல்தான். கனவில் அவன் சிறுவன். குதிரைக்காரன் மிகோல்கா இரும்புக் கம்பியால் அடித்தே கொன்ற குதிரையின் ரத்தம் தோய்ந்த முகத்தை அந்தச் சிறுவன் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். விழித்ததும், தானும் கோடரியைத் தூக்கப்போகிறோமா என்று நடுங்கி, திட்டத்தையே கைவிடுகிறான் (கொஞ்ச நேரத்துக்குத்தான்). செய்யப்போவதன் மேல் வரும் அருவருப்பு அது. குற்றவுணர்வுக் கனவு வேண்டுமென்றால் மூன்றாம் பாகம் 6ஆம் அத்தியாயம்: வெட்ட வெட்டக் கிழவி குலுங்கிச் சிரிக்கிறாள். முழு மொழிபெயர்ப்பு எதிலும் இந்த எண்களைப் புரட்டிப் பார்க்கலாம். சுருக்கப் பதிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.